டிராவல் சாஃப்ட்பாலும் கல்லூரி ரெக்ரூட்டிங்கும்: எவ்வளவு அலையலாம், எங்கே அலையலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பெண் குழந்தையை சாஃப்ட்பாலில் (பேஸ்பால் மாதிரிதான், ஆனால் பெரிய பந்து, கீழிருந்து எறிவார்கள்) சேர்த்துவிட்ட தமிழ்ப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். நம்மில் பெரும்பாலோர் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். பள்ளிக்கு வெளியே ஊர் ஊராகப் போய் டிராவல் பால் ஆடும் கிளப் அணிகள், கல்லூரி அணிக்கு ஆள் எடுக்கும் ரெக்ரூட்டிங், அதற்காகக் கோச்கள் வந்து பார்க்கும் ஷோகேஸ் போட்டிகள், இந்தக் கல்லூரிக்குத்தான் ஆடுவேன் என்று வாக்குக் கொடுக்கும் கமிட்மென்ட் எல்லாம் நமக்குப் புதுசு. பக்கத்து வீட்டுக்காரர் "கொலராடோ போகலையா? கலிஃபோர்னியா போகலையா?" என்று கேட்டதும் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. எங்கள் வீடு டாலஸ் பக்கம். மகளோடு இந்த வட்டத்துக்குள் சில வருடங்கள் சுற்றியதிலும், மற்ற குடும்பங்கள் என்னிடம் கேட்டதிலும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதலில் கல்லூரிப் பட்டியல் போடுங்கள், பயணப் பட்டியல் அதிலிருந்து வரட்டும். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது.

பள்ளி அணியில் ஆடினால் போதாதா? டிராவல் பால் எதற்கு?

காலண்டர்தான் காரணம். கல்லூரி சாஃப்ட்பால் சீசன் பிப்ரவரியில் தொடங்கி, ஓக்லஹோமா சிட்டியில் நடக்கும் உலகத் தொடர் வரை, அதாவது ஜூன் தொடக்கம் வரை ஓடுகிறது. டெக்சஸ், கலிஃபோர்னியா உள்பட பல மாநிலங்களில் பள்ளி சீசனும் அதே வசந்த காலத்தில்தான். உங்கள் மகள் பள்ளிக்காக ஆடும் செவ்வாய்க்கிழமை மாலையில் கல்லூரி கோச் தன் சொந்த ஆட்டத்தில் இருப்பார். ஜார்ஜியா, ஓக்லஹோமா மாதிரி சில மாநிலங்களில் பள்ளி சீசன் இலையுதிர் காலத்தில் வருகிறது. அங்கே நிலைமை கொஞ்சம் வேறு.

ஆக, கோச்களுக்குப் பிள்ளைகளைப் பார்க்க நேரம் கிடைப்பது கோடையிலும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும். அந்த மாதங்களில் ஆடுவது கிளப் அணிகள். அதனால்தான் டிராவல் பால் இல்லாமல் கல்லூரிக்குப் போவது கடினம். ஆனால் டிராவல் பால் ஆடுவது வேறு, நாடு முழுக்கப் பறப்பது வேறு.

எந்த வயதில் வெளி மாநிலங்களுக்குப் போக ஆரம்பிக்கணும்?

பத்து வயதுப் பிரிவில் பந்தின் சுற்றளவு 11 அங்குலம், பிட்சர் (பந்தை எறிபவர்) நிற்கும் தூரம் 35 அடி. பன்னிரண்டு வயதுப் பிரிவில் பந்து 12 அங்குலம், தூரம் 40 அடி. 14 வயதுப் பிரிவில்தான் கல்லூரியில் இருக்கிற அதே 43 அடிக்கு வருகிறார்கள். ஆட்டமே அப்போதுதான் உருவம் பெறுகிறது. பத்து வயதில் எல்லாரையும் அவுட் செய்த பிட்சர் 43 அடிக்கு வந்ததும் திணறுவதும், அதுவரை கடைசியில் அடித்த பிள்ளை ஒரே குளிர்காலத்தில் நாலு அங்குலம் வளர்ந்து ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்) ஆவதும் சர்வ சாதாரணம்.

அதனால் 12 வயதுப் பிரிவு வரை இரண்டு மணி நேரக் கார் பயணத்துக்கு அப்பால் போக ரெக்ரூட்டிங் காரணம் எதுவும் இல்லை. அணியோடு ஒரு தடவை பெரிய டோர்னமென்டுக்குப் போய், ஹோட்டல் நீச்சல் குளத்தில் கும்மாளம் அடித்துவிட்டு வரட்டும். அது நல்ல நினைவு, அவ்வளவுதான். "இப்பவே கண்ணில் படணும்" என்று யாராவது கட்டணம் கேட்டால் தைரியமாக மறுத்துவிடுங்கள்.

14 வயதுப் பிரிவில் பக்கத்து மாநிலங்கள் போதும். ஒன்பதாம் வகுப்பு முடிகிற கோடையிலிருந்துதான் தூரப் பயணத்துக்கு அர்த்தம் வருகிறது. பத்தாம் வகுப்பு முடிகிற கோடைதான் பலருக்கு மிக முக்கியமானது. ஏன் என்பது அடுத்த கேள்வியில் இருக்கிறது.

கோச்கள் எப்போது நேரடியாகப் பேசலாம்?

கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1 சாஃப்ட்பாலில் பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1. அதற்கு முன்னால் கோச் உங்கள் மகளை ஃபோனில் அழைக்கக் கூடாது, மெசேஜ் அனுப்பக் கூடாது, ரெக்ரூட்டிங் பற்றி மின்னஞ்சல் எழுதக் கூடாது, இடம் தருவதாக வாய்மொழியாகவும் சொல்லக் கூடாது. 2018-இல் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ இந்த விதியைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூட இந்தக் கல்லூரிக்குத்தான் போவேன் என்று வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன படிக்கணும் என்றே தெரியாது. அந்தக் கூத்து நின்றது நல்லது.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விதி கட்டுப்படுத்துவது கோச்சை. உங்கள் மகள் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். பதில் வராது, அல்லது கேம்ப் (கல்லூரி நடத்தும் பயிற்சி முகாம்) அறிவிப்பும் விவரப் படிவமும் மட்டும் வரும், ஏனென்றால் அவற்றை அனுப்ப அனுமதி உண்டு. பத்தாம் வகுப்பில் பதில் வரவில்லையே என்று பிள்ளை முகம் வாடினால் இதை எடுத்துச் சொல்லுங்கள். எழுதினதைப் படிக்கிறார்கள், குறித்தும் வைக்கிறார்கள்.

டிவிஷன் 2, டிவிஷன் 3, என்சிஏஏவில் சேராத கல்லூரிகளின் தனி அமைப்பான என்ஏஐஏ, இரண்டு ஆண்டு ஜூனியர் காலேஜ் ஆகியவற்றுக்கு விதிகள் வேறு, பொதுவாகத் தளர்வானவை. அங்கிருந்து முன்னாலேயே பதில் வரலாம்.

ஷோகேஸில் உண்மையில் என்ன நடக்கிறது?

முதல் தடவை போகிறவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். பெரிய ஷோகேஸ் என்றால் பல வளாகங்கள், டஜன் கணக்கில் மைதானங்கள், காலை எட்டு மணியிலிருந்து இருட்டும் வரை ஆட்டம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நேரக் கெடு, எழுபத்தைந்து தொண்ணூறு நிமிடத்தில் முடிந்துவிடும். ஜெயித்தாலும் தோற்றாலும் அடுத்த ஆட்டம் உண்டு. பல இடங்களில் பேட்டிங் வரிசையில் எல்லாரையும் போட்டுவிடுவார்கள்.

கோச்கள் எங்கே? கேட்சருக்கு (பிட்சர் எறிவதைப் பிடிப்பவர்) பின்னால் உள்ள வலைக்கு வெளியே, மடக்கு நாற்காலியில், கல்லூரிப் பெயர் போட்ட சட்டையும் வெயில் தொப்பியுமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கையில் பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கன், இன்னொருவர் கையில் ஃபோனோ அச்சடித்த தாளோ இருக்கும். அந்தத் தாளில் ஏற்கெனவே சில எண்கள் வட்டமிட்டிருக்கும். வட்டமிட்ட 17-ஆம் நம்பர் பிட்சர் இரண்டு இன்னிங்ஸ் போடுவதைப் பார்ப்பார், நாற்காலியை மடக்குவார், நாலு மைதானம் தள்ளிப் போய்விடுவார். உங்கள் மகள் அதற்கடுத்த இன்னிங்ஸில் வேலிக்கு மேல் அடித்தாலும் பார்க்க அவர் அங்கே இருக்க மாட்டார்.

"எழுபது கல்லூரிகள் வருகின்றன" என்பது உண்மையாகவே இருக்கட்டும். அவர்களில் பெரும்பாலோர் யாரைப் பார்க்கணும் என்று முடிவு செய்துகொண்டு வருகிறார்கள். அந்தத் தாளில் வட்டம் விழ வைப்பது பயணத்துக்கு முந்தைய வேலை. ஆட்டம் நடக்கும் வாரத்தின் தொடக்கத்தில் உங்கள் மகள், நீங்கள் அல்ல, அவளே, ஒரு சின்ன மின்னஞ்சல் அனுப்பணும். பெயர், பட்டம் பெறும் ஆண்டு, எந்த இடத்தில் ஆடுகிறாள், ஜிபிஏ, அணியின் பெயர், சட்டை நம்பர், ஒவ்வொரு ஆட்டமும் எந்த மைதானத்தில் எத்தனை மணிக்கு, வீடியோ இணைப்பு. அந்தக் கல்லூரியை ஏன் விரும்புகிறாள் என்று ஒரே ஒரு உண்மையான வரி. அம்பது கல்லூரிக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

கோச்கள் ஆட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. வார்ம்-அப்பில் எப்படி எறிகிறாள், பந்தைத் தவறவிட்ட பிறகு அடுத்த பந்துக்கு எப்படி நிற்கிறாள், அவுட்டாகி வந்து டக்அவுட்டில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாளா, அணிக்காகக் கத்துகிறாளா என்றெல்லாம் பார்க்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் பையை யார் தூக்குகிறார்கள் என்பதையும் பார்ப்பார்கள். நம் வீடுகளில் பாசத்தில் அப்பா தூக்கிக்கொண்டு போவார். வேண்டாம், அவளே தூக்கட்டும். தண்ணீர் பாட்டிலை வேலி வழியாக நீட்டி "ஏன்டா கண்ணு அந்தப் பந்தை விட்டே?" என்று கேட்பதையும் காருக்குள் போகும் வரை தள்ளி வையுங்கள்.

அப்படியானால் ஒரு கோடையில் எத்தனை தூரப் பயணம்?

என் கணிப்பில் விமானம் ஏற வேண்டிய பயணம் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. மீதியெல்லாம் காரில் போய் வரும் தூரம்.

கோடையில் கூட்டம் கூடும் இடங்கள் தெரிந்தவைதான். ஜூலை 4-ஐ ஒட்டி கொலராடோவில் டென்வரைச் சுற்றி நடக்கும் பெரிய ஷோகேஸ்கள். ஜூலை கடைசியிலிருந்து தென் கலிஃபோர்னியாவில், ஹண்டிங்டன் பீச் பக்கம், பிஜிஎஃப் என்ற அமைப்பின் தேசியப் போட்டி. இவை தவிர அலையன்ஸ் அமைப்பின் தொடர், யூஎஸ்ஏ சாஃப்ட்பாலின் கோல்டு பிரிவு தேசியப் போட்டி. இத்தனைக்கும் ஒரே அணி போகவும் முடியாது, போகத் தேவையும் இல்லை.

தேர்ந்தெடுக்கும் முறை இது: மகளின் கல்லூரிப் பட்டியலை மேசைமேல் வையுங்கள். இருபது, முப்பது பெயர் இருக்கட்டும். போட்டி நடத்துபவர்கள் வெளியிடும் கோச் வருகைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் பட்டியலில் உள்ள பெயர்கள் ஏழெட்டாவது அதில் இருந்தால் போங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் அந்தப் பணத்தில் அந்த இரண்டு கல்லூரி கேம்ப்களுக்கே போய்விடலாம். ஒஹையோ, பென்சில்வேனியா டிவிஷன் 3 கல்லூரிகளை விரும்பும் பிள்ளையைக் கலிஃபோர்னியாவுக்கு அழைத்துப் போவது யாருக்கும் உதவாது.

டாலஸ், ஹூஸ்டன், அட்லாண்டா, தென் கலிஃபோர்னியா மாதிரி இடங்களில் இருப்பவர்களுக்குக் கோச்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். நம் ஊரில் நடப்பதை விட்டுவிட்டு வெளியூர் ஓடாதீர்கள். வட டக்கோட்டாவிலோ மெய்னிலோ இருக்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு மாறும். அவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் போகத்தான் வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயம், ஹோட்டல். பல போட்டிகளில் அவர்கள் சொல்லும் ஹோட்டலில், அவர்கள் மூலமாகத்தான் அறை எடுக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. அணியில் சேரும்போதே எந்தெந்தப் போட்டிக்கு இந்த நிபந்தனை என்று கேட்டு, அதையும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள். அணிக் கட்டணம் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் ஜூலையில் கிரெடிட் கார்டு கணக்கு கண்ணைக் கட்டும்.

கல்லூரி கேம்ப் நல்லதா, ஷோகேஸ் நல்லதா?

பட்டியலில் முதல் ஐந்து கல்லூரிகளுக்கு கேம்ப்தான். கோச் ஐந்தடி தூரத்தில் நின்று சொல்லிக் கொடுக்கிறார். சொன்னதை உடனே பிடித்துக்கொள்கிறாளா என்று அவரும் பார்க்கிறார், இந்த மனிதரிடம் நாலு வருடம் ஆட முடியுமா என்று உங்கள் மகளும் பார்க்கிறாள். விடுதி, நூலகம், மைதானம் எல்லாம் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

ஆனால் விதிப்படி கேம்ப் எல்லாருக்கும் திறந்தது. அழைப்பு மின்னஞ்சல் ஆயிரம் பேருக்குப் போயிருக்கும். "உங்கள் மகளை எதிர்பார்க்கிறோம்" என்று வந்ததாலேயே அவளைக் குறிவைத்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கிளப் கோச் ஒரு ஃபோன் போட்டு "இந்தப் பிள்ளையைப் பார்க்க உங்களுக்கு ஆர்வம் உண்டா?" என்று கேட்டால் நிலவரம் ஓரளவு தெரிந்துவிடும்.

வீடியோ அனுப்பினால் அலைச்சல் குறையுமா?

நிச்சயம் குறையும். நேரில் பார்க்காமல் இடம் தருவது அபூர்வம், ஆனால் யாரை நேரில் பார்ப்பது என்பதை வீடியோதான் முடிவு செய்கிறது. மூன்று நிமிடத்துக்குள் முடிக்கணும். பாட்டு, கிராஃபிக்ஸ் வேண்டாம். பிட்சர் என்றால் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும், வெட்டி ஒட்டாமல். மற்றவர்களுக்கு பேட்டிங், தரைப் பந்து, எறிதல். கேம்சேஞ்சர் செயலியில் வரும் முழு ஆட்டப் பதிவையும் கோச்கள் பார்க்கிறார்கள். சாஃப்ட்பால் கோச்கள் எக்ஸ் தளத்தில் நிறையப் புழங்குவதால் பிள்ளைகள் அங்கேயும் ஒரு கணக்கு வைத்திருப்பது வழக்கம். அதை நீங்களும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

எண்களும் பேசும். டிவிஷன் 1 அளவில் பொதுவாகச் சொல்லப்படுபவை: பிட்சர் மணிக்கு அறுபது மைலைத் தாண்டணும், கேட்சர் பந்தைப் பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிந்து சேர்க்க 1.8 விநாடி அளவில் இருக்கணும், வேகமான பிள்ளை ஹோமிலிருந்து முதல் பேஸுக்கு மூன்று விநாடிக்குள் ஓடணும். இந்த எண்கள் இன்னும் வரவில்லை என்றால் அடுத்த டோர்னமென்டுக்குச் செலவிடும் வார இறுதியைப் பயிற்சிக்கும் ஜிம்முக்கும் கொடுப்பதுதான் சரி. தயாராகாத பிள்ளையை அதிகம் பேர் பார்ப்பதால் என்ன லாபம்? "இவள் பரவாயில்லை" என்று குறித்துவைத்த கோச் மறுபடி வந்து பார்ப்பது கடினம்.

பேர் போன கிளப்பில் சேர்க்கணுமா?

சட்டையில் என்ன பெயர் என்பதைவிடக் களத்தில் எத்தனை இன்னிங்ஸ் என்பதுதான் கேள்வி. ஒரே கிளப் பெயரில் ஏழெட்டு அணிகள் இருக்கும். "நேஷனல்", "பிரீமியர்", "கோல்டு" என்று பின்னொட்டு மாறும், தரமும் மாறும். அதனால் அந்தக் குறிப்பிட்ட அணியைப் பற்றிக் கேளுங்கள். கடந்த மூன்று வருடத்தில் பட்டம் பெற்ற பிள்ளைகள் எந்தெந்தக் கல்லூரிக்குப் போனார்கள், நடுத்தர ஆட்டக்காரிகளும் எங்காவது போனார்களா? கோச்களிடம் ஃபோனில் பேசுவது யார்? அணியில் எத்தனை பிட்சர்கள்? விருந்தாளியாக வெளியிலிருந்து ஆட்களைக் கூட்டி வருவார்களா? அப்படிக் கூட்டி வந்தால் யார் உட்காருவார்கள்?

கொலராடோ வரை பறந்து போய் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எந்தக் கோச்சும் பார்க்கப் போவதில்லை. அதைவிட ஊரிலேயே இரண்டாம் நிலை அணியில் தினம் ஆடி, பட்டியலில் உள்ள கல்லூரி கேம்ப்களுக்குப் போகும் பிள்ளை முன்னால் நிற்பாள்.

செலவு செய்வதெல்லாம் ஸ்காலர்ஷிப்பாகத் திரும்பி வருமா?

முதலீடாக நினைத்தால் வராது. தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் இந்த எண்ணம்தான் அலைச்சலை நியாயப்படுத்துகிறது.

டிவிஷன் 1-இல் பல காலமாக ஓர் அணிக்கு 12 முழு ஸ்காலர்ஷிப்தான், அதை இருபது பேருக்கு மேல் பிரித்துக் கொடுத்தார்கள். 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட ஹவுஸ் வழக்கு (கல்லூரி விளையாட்டு வீரர்கள் என்சிஏஏ மேல் போட்டது) தீர்வுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த 12 என்ற வரம்பு போய்விட்டது, பதிலாக அணியில் 25 பேருக்கு மேல் கூடாது என்று வந்தது. 25 பேருக்கும் முழுப் பணம் தரலாம், தரணும் என்று கட்டாயம் இல்லை. பெரிய அமெரிக்கன் ஃபுட்பால் வருமானம் உள்ள கல்லூரி கொடுக்கும், சின்னக் கல்லூரி பழைய மாதிரிதான். டிவிஷன் 2-இல் ஓர் அணிக்கு 7.2 ஸ்காலர்ஷிப். டிவிஷன் 3-இலும் ஐவி லீகிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது, படிப்புக்கோ வருமானத்துக்கோ ஏற்ற உதவிதான்.

இன்னொரு பக்கம் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். ஏற்கெனவே கல்லூரியில் ஆடிய இருபது வயதுப் பெண் அணி மாற வருகிறாள். கோச் அவளை எடுப்பாரா, பதினேழு வயதுப் பிள்ளையை எடுப்பாரா? 2024-இல் பிட்சர் நிஜாரி கனடி ஸ்டான்ஃபோர்டிலிருந்து டெக்சஸ் டெக்குக்கு மாறியபோது பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம் செய்தியானது நினைவிருக்கும். அந்த ஓட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான இடம் சுருங்குகிறது.

ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் என்று தொடங்கும் செலவு, விமானம் ஹோட்டல் எல்லாம் சேர்ந்தால் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். ஆறு வருடம் அதைச் சேமித்தாலே கல்லூரிக் கட்டணத்தில் நல்ல பகுதி. ஆட்டத்துக்காகவும் அவள் ஆசைக்காகவும் செலவு செய்யுங்கள். கடன் வாங்கி மட்டும் வேண்டாம்.

படிப்பு கெட்டுப்போகாதா?

கெடாமல் பார்த்துக்கொள்ளலாம். படிப்பே அவளுடைய மிகப் பெரிய ரெக்ரூட்டிங் பலமாகவும் ஆகலாம்.

என்சிஏஏ கேட்கும் குறைந்தபட்சம் ரொம்பக் குறைவு: 16 மையப் பாடங்கள், அவற்றில் டிவிஷன் 1-க்கு 2.3 ஜிபிஏ. எஸ்ஏடி, ஏசிடி மதிப்பெண்ணை 2023-இலிருந்து கேட்பதில்லை. பத்துப் பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்பே முடிந்திருக்கணும் என்பதை மட்டும் பள்ளி கவுன்சிலரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். நம் பிள்ளைகளுக்கு இது தடையே இல்லை. ஆனால் கல்லூரி தனியாக எஸ்ஏடி கேட்கலாம்.

நான் ஆணித்தரமாகச் சொல்ல விரும்புவது டிவிஷன் 3 பற்றி. எம்ஐடி, சிகாகோ, எமரி, டஃப்ட்ஸ் எல்லாம் டிவிஷன் 3-இல் சாஃப்ட்பால் ஆடுகின்றன. "டிவிஷன் 3-ஆ?" என்று முகம் சுளிக்கும் அதே பெற்றோர், எம்ஐடியில் இடம் கிடைத்தால் சொந்த ஊர் வரை ஃபோன் போட்டுச் சொல்வார்கள்! இந்தக் கல்லூரிகளில் கோச்சுக்கு ஆர்வம் இருந்தால் பதினோராம் வகுப்பு முடிந்த கோடையில் மதிப்பெண் பட்டியலை வாங்கி, அட்மிஷன் அலுவலகத்தில் முன்கூட்டியே காட்டிக் கருத்துக் கேட்பார். அங்கே 3.9-க்கும் 3.5-க்கும் உள்ள வித்தியாசம் ரேடார் கன்னில் மூன்று மைல் வித்தியாசத்தைவிடப் பெரிது. டெக்சஸிலேயே டிரினிட்டி, 2019-இல் டிவிஷன் 3 தேசியப் பட்டம் வென்ற டெக்சஸ் லூத்தரன் எல்லாம் காரில் போகும் தூரத்தில் இருக்கின்றன.

நடைமுறையில், இலையுதிர் காலத்தில் வெள்ளிக்கிழமை பள்ளி விடுப்பு எடுக்கும் போட்டிகளை ஒரு செமஸ்டருக்கு இரண்டோடு நிறுத்துங்கள். கல்லூரி அளவிலான ஏபி பாடங்கள் குவியும் பதினோராம் வகுப்பில் இது இன்னும் முக்கியம். காரில் நாலு மணி நேரம் வீட்டுப்பாடம் செய்வாள் என்று நம்பாதீர்கள். தூங்கித்தான் போவாள், தூங்கவும் வேண்டும்.

கோடையில் ஊருக்குப் போகவே முடியாதா? அரங்கேற்றம் வேறு இருக்கிறதே?

எட்டாம் வகுப்பு வரை தாராளமாக ஜூனில் போய் வாருங்கள். தாத்தா பாட்டியோடு இருக்கும் ஒரு மாதத்தை எந்த டோர்னமென்டும் ஈடு செய்யாது. ஒன்பது, பத்து, பதினொன்று முடியும் மூன்று கோடைகள்தான் கஷ்டம். அந்த வருடங்களில் டிசம்பருக்கு மாற்றுங்கள். அப்போது பெரிய ஷோகேஸ்கள் இல்லை, கைக்கும் ஓய்வு, மார்கழிக் கச்சேரி சீசனும் கிடைக்கும்.

அரங்கேற்றத்தைப் பத்தாம் வகுப்பு கோடையில் வைத்துவிட்டுத் தவிக்கும் குடும்பங்கள் உண்டு. ஒரு வருடம் முன்னாலோ, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தோ வைக்க முடியுமா என்று டீச்சரிடம் இப்போதே பேசுங்கள். நடனம் ஆடும் பிள்ளைக்குக் காலில் இருக்கும் சமநிலையும் வேகமும் ஷார்ட்ஸ்டாப்பில் நன்றாகவே தெரியும், அதை விடச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை. கிளப் கோச்சிடம் ஆகஸ்டில் அணிக்கு ஆள் தேர்வு செய்யும்போதே தேதியைச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஜூன் மாதம் சொன்னால்தான் பிரச்சினை.

தம்பி தங்கை இருந்தால் அவர்களையும் கணக்கில் எடுங்கள். எல்லா வார இறுதியும் அக்காவின் டோர்னமென்ட் என்றால் அவர்கள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மனசில் இருக்கும். ஒரு வாரம் அப்பா மட்டும், ஒரு வாரம் அம்மா மட்டும் போவதில் தவறே இல்லை.

எச்-4 விசாவில் இருக்கிறோம். ஏதாவது சிக்கல் உண்டா?

ஆடுவதற்கும், விளையாட்டு ஸ்காலர்ஷிப் வாங்குவதற்கும் விசா தடை இல்லை. ஆனால் எச்-4 பிள்ளைகளுக்கு ஃபாஃப்ஸா வழியாக வரும் மத்திய அரசு உதவி கிடையாது. உள்மாநிலக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. 21 வயதானதும் எச்-4 முடிந்துவிடும், கல்லூரி நடுவில் மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாற வேண்டி வரலாம். பெயர், படத்தைப் பயன்படுத்திப் பணம் வாங்கும் ஒப்பந்தங்களில் வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்திட வேண்டாம், அது வேலையாகக் கருதப்பட்டால் விசாவுக்கே ஆபத்து. அதனால் பட்டியல் போடும்போதே வெளிநாட்டு மாணவர்களுக்கும் சொந்த நிதியிலிருந்து உதவும் கல்லூரிகளைத் தேடிச் சேருங்கள்.

உடம்பு தாங்குமா?

கீழிருந்து எறிவதால் பிட்சருக்குத் தோள் வலிக்காது என்பது தவறான நம்பிக்கை. கையைச் சக்கரமாகச் சுழற்றும் அந்த எறிதலில் தோளின் முன்பக்கமும் பைசெப்ஸும் வாங்கும் சுமை பெரிது. ஒரே வார இறுதியில் ஐந்தாறு ஆட்டம், இரண்டே பிட்சர் என்றால் கணக்கு எங்கே போய் முடியும் என்று பாருங்கள். பல போட்டிகளில் பேஸ்பாலில் இருப்பது போன்ற பந்து எண்ணிக்கை வரம்பு சாஃப்ட்பாலில் இல்லை. அதனால் எண்ண வேண்டியது நீங்கள்தான்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வும், ஆண்டில் மொத்தம் மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து விலகலும் சொல்கிறது. மூன்று மாதத்தை மாதம் மாதமாகப் பிரித்தும் எடுக்கலாம். நீரு ஜெயந்தி என்ற விளையாட்டு மருத்துவரின் ஆய்வில், தன் வயதைவிட அதிக மணி நேரம் வாரத்தில் ஆடும் பிள்ளைகளுக்குக் காயம் கூடுதலாக இருந்தது. பதினாலு வயதுப் பிள்ளைக்குப் பதினாலு மணி நேரம். ஷோகேஸ் வாரத்தில் வியாழன் முதல் ஞாயிறு வரை கூட்டிப் பாருங்கள், தாண்டிவிடும். அடுத்த வாரம் குறைத்தால் சரி.

டெக்சஸ் ஜூலை வெயிலில் நிழலுக்குக் கூடாரம், ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டு, எலெக்ட்ரோலைட் கட்டாயம். மதிய இடைவெளியில் கூலரில் வைத்த தயிர் சாதத்தை விடச் சுகமானது எதுவும் இல்லை. அணியின் மற்ற பிள்ளைகளும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

செப்டம்பர் 1 வந்து போனது. ஒரு ஃபோன்கூட வரவில்லை. முடிந்ததா?

முடியவில்லை. அன்று நள்ளிரவிலேயே மெசேஜ் வருவது நாட்டின் மேல்மட்டப் பிள்ளைகள் சிலருக்கு. அவர்களில் பிட்சர்களும் கேட்சர்களும் ஷார்ட்ஸ்டாப்களும் அதிகம். டிவிஷன் 1-இல் மட்டும் சுமார் 300 அணிகள், டிவிஷன் 3-இல் அதைவிட அதிகம். அவை பதினோராம் வகுப்பு முழுவதும், பன்னிரண்டாம் வகுப்பிலும் ஆள் எடுக்கின்றன. டிவிஷன் 3-இல் முக்கியமான முடிவுகள் பல பன்னிரண்டாம் வகுப்புக்கு முந்தைய கோடையிலும் அதை ஒட்டியும்தான் நடக்கின்றன.

செய்ய வேண்டியது: செப்டம்பர் முதல் வாரத்தில் மகள் கிளப் கோச்சோடு உட்கார்ந்து "என் நிலை என்ன, எந்த மட்டத்தில் நான் பொருந்துவேன்?" என்று நேரடியாகக் கேட்கட்டும். பதில் கசப்பாக இருந்தாலும் கேட்கட்டும். பட்டியலில் மேலே இருக்கும் பத்துப் பெயரில் ஐந்தை எடுத்துவிட்டு, டிவிஷன் 2, 3, என்ஏஐஏவிலிருந்து பத்தைச் சேருங்கள். இலையுதிர் காலத்தில் எடுத்த புது வீடியோவோடு மறுபடி எழுதட்டும். அக்டோபரில் அந்தப் பட்டியலிலிருந்து இரண்டு கேம்ப், நவம்பருக்குள் காரில் போகும் தூரத்தில் ஒரு ஷோகேஸ். நாலு வருடக் கல்லூரி அமையாவிட்டால் ஜூனியர் காலேஜில் இரண்டு வருடம் ஆடி மாறலாம். அங்கே மேல் பிரிவு அணிகள் 24 ஸ்காலர்ஷிப் வரை தரலாம்.

ஆடாமல் படிக்க மட்டும் போகிறேன் என்று அவள் சொன்னால், அதையும் அதே மேசையில் உட்கார்ந்து பேசுங்கள். பல பல்கலைக்கழகங்களில் கிளப் சாஃப்ட்பால் அணி இருக்கிறது, வார இறுதியில் ஆடுகிறார்கள், சேர யாரும் ரேடார் கன் வைத்துப் பார்ப்பதில்லை.